கண் விழும் இடம்

தளம்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஒன்றைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பொறுப்பில் இருப்பவர் காலையில் வந்து எதை முதலில் கேட்கிறாரோ, பொழுது சாய்வதற்குள் தளம் முழுவதும் அதையே பார்க்கப் பழகிவிடுகிறது. தேதியைக் கேட்டால் எல்லோர் கண்ணும் தேதியில். செலவைக் கேட்டால் எல்லோர் கண்ணும் செலவில். கேட்கப்படாதவையும் அங்கேயேதான் இருக்கின்றன. நேற்று கட்டிய சுவர் தண்ணீர் காணாமல் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உடைந்த செங்கல் ஒரு மூலையில் குவிகிறது. சாரத்துக்குப் பக்கத்தில் தூளியில் ஒரு குழந்தை தூங்குகிறது. எல்லோரும் அவற்றைக் கடந்துதான் நடக்கிறார்கள். பார்க்கும்படி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

சூழலைக் கெடுக்காமல் கட்டுவதே என் தொழில் என்று தேர்ந்துகொண்டவன் நான். இந்தத் தொழிலில் பொருளைப் பற்றிப் படிக்க நிறைய உண்டு: மண், சுண்ணாம்பு, வெப்பக் கணக்கு, பசுமைச் சான்றிதழுக்கான புள்ளிகள். ஐம்பது பேர் ஒருவர் சொல் கேட்டுக் கட்டும்போது அந்த ஒருவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைப் படிக்கத்தான் வழி குறைவு. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு அதை யோசிக்கிறேன். சும்மா இருப்பதைச் சொல்லிக்கொடுத்த ஊர் என்று இதற்குப் பெயர். ஆனால் விடாமல் கட்டிக்கொண்டே வந்த ஊரும் இதுதான். இங்கே கட்டியவர்களை ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

மேற்பார்வை

1928இல் ஓர் இளைஞர், பகவான் என்று அன்பர்கள் அழைத்த ரமண மகரிஷியிடம் வந்து சேர்ந்தார். பின்னாளில் அண்ணாமலை சுவாமி என்று அறியப்பட்டவர் அவர். கொஞ்ச காலம் பகவானின் அணுக்கத் தொண்டராக இருந்தார். அதன்பின் ஆசிரமத்தின் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. கட்டட அனுபவம் எதுவும் அவருக்குக் கிடையாது. தியானம் செய்ய வந்தவரின் கையில் கல்லும் சுண்ணாம்பும் வந்து சேர்ந்தன. அடுத்த பத்தாண்டுகளில் கோசாலை, களஞ்சிய அறை, சாப்பாட்டுக் கூடம், வேதபாடசாலை என்று ஆசிரமம் அவர் கண் முன்னால் எழுந்தது.

அவருக்குத் தொழில் தெரிந்தது எப்படி? பகவான் அன்றன்றைக்கு அன்றைய வேலையைச் சொன்னார். உலாவப் போகும்போது வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தார். முழுத் திட்டத்தையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்த இளைஞர் பயந்து போயிருப்பார், அல்லது தாளைப் பார்த்துக்கொண்டே சுவரைப் பார்க்காமல் இருந்திருப்பார். ஒரு நாளைக்கு ஒரு நாள் வேலை. மறுநாள் அது சரியாக நின்றிருக்கிறதா என்று ஒரு பார்வை. அதன்மேல் அடுத்தது.

இதில் நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. அறியாதவரிடம் பொறுப்பைக் கொடுப்பது பெரிய விஷயம்தான். கொடுத்த பிறகு தினமும் போய் நிற்பது அதைவிடப் பெரிது. பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறோம். பல நேரங்களில் அது நம் வேலையை அவர் தலையில் இறக்கிவைப்பதுதான்.

சிந்தியது

ஆசிரமத்தில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் பகவானின் சிக்கனம் திரும்பத் திரும்ப வருகிறது. தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். எழுதாத தாள் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து நோட்டாக்கிக்கொள்வார். விடியுமுன் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார், தண்டும் தோலும்கூட வீணாகக் கூடாது. யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அவர் குனிந்து பொறுக்கும்போது பக்கத்தில் நிற்பவரால் சும்மா நிற்க முடியாது.

கட்டுமானத்தில் வீண் என்பது சிந்திய அரிசியை விடப் பெரிதாகத் தெரியும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு டைலை அறையின் அளவு பார்க்காமல் வாங்கியதால் ஒவ்வொரு வரிசையிலும் விழும் வெட்டுத் துண்டு, காலையிலேயே அதிகமாகக் கலந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிப்போன கலவை, அளவு எடுக்காமல் நறுக்கிய கம்பி. இவை ஒவ்வொன்றும் சிறியது, கணக்குப் புத்தகத்தில் வராது. சேர்ந்தால் ஒரு லாரி நிறைய ஏரிக்கரையில் போய்க் கொட்டப்படும். இதைத் தடுக்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கலவை எவ்வளவு மிஞ்சியது என்று சாயங்காலம் ஒருவர் கேட்டால் போதும். கேட்பவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கிறாரா, தானும் சேர்ந்து பொறுக்கக் கேட்கிறாரா என்பதை ஆட்கள் முதல் நாளே கண்டுகொள்வார்கள்.

கோசாலை

கோசாலைக் கதையை நான் அடிக்கடி நினைப்பேன். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட சின்னசாமி, பகவானின் தம்பி, பணம் இருக்கும் அளவுக்குச் சிறியதாகக் கட்டினால் போதும் என்று நினைத்தார். அவருடைய கவலை நியாயமானது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். பகவானோ பசு லட்சுமிக்கும் மற்ற மாடுகளுக்கும் பெரிதாக, நன்றாகக் கட்ட வேண்டும் என்று இருந்தார். கோசாலை பெரிதாகவே எழுந்தது.

சிறிதாகக் கட்டு, குறைவாகக் கட்டு என்பது எங்கள் துறையின் முதல் பாடம். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இங்கே பெரிதாகக் கட்டச் சொன்னவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே ஹாலில், வந்தவர் போனவர் நடுவில், ஒரு சோபாவில் வாழ்ந்தவர். தனக்கென்று ஓர் அறையைக் கேட்டவரில்லை. எவ்வளவு கட்டுவது என்ற கேள்விக்கு முன்னால், யாருக்காக என்ற கேள்வி நிற்கிறது. வரைபடத்தில் உரிமையாளரின் கார் நிறுத்தத்துக்கு எத்தனை சதுர அடி, காவலாளியின் அறைக்கு எத்தனை சதுர அடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. மேற்கு வெயில் முழுவதும் விழும் மூலையில்தான் பெரும்பாலும் காவலாளியின் அறை வரும். அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட்டால், சூரியத் தகடு எத்தனை வைத்தாலும் அந்தக் கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்று என்னால் மனதாரச் சொல்ல முடியாது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. திட்டம் தன்னுடையது என்று பகவான் சொல்லிக்கொண்டதில்லை. வேலையில் மோதல் வந்தபோது அண்ணாமலை சுவாமிதான் முன்னால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சீடரின் அகந்தையைக் கரைக்கக் குரு செய்த வைத்தியம் அது என்று அவரே ஏற்றுக்கொண்டார். நான் குரு இல்லை, என் ஆட்கள் சீடர்கள் இல்லை. ஆகவே இதை எனக்கு வேறு விதமாக எடுத்துக்கொள்கிறேன். பாராட்டு வரும் நாளில் நான் பின்னால் நிற்க வேண்டும். பழி வரும் நாளில் முன்னால் நிற்க வேண்டும். மேஸ்திரி செய்த வேலையில் குறை என்றால், அதை அங்கீகரித்த கண் என்னுடையது.

தடி

வேலூர் ஊரிஸ் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி ஒருமுறை நிஷ்காம கர்மம் என்றால் என்ன என்று பகவானிடம் கேட்டார். பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து எல்லோரும் மலையில் நடந்தபோது, பகவான் ஒரு முள் கொம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளைச் செதுக்கினார், கணுவை மழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். ஏறத்தாழ ஆறு மணி நேரம். எல்லோரும் வியக்கும் ஒரு தடி உருவானது. வழியில் தன் கோலைத் தொலைத்துவிட்டு நின்ற ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் வந்தான். தடியை அவன் கையில் கொடுத்துவிட்டு பகவான் நடந்துபோனார்.

பண்டிதருக்கு விடை கிடைத்தது. கட்டுபவருக்கும் அதில் விடை இருக்கிறது. நாம் கட்டும் எந்த வீடும் நமக்கில்லை. கிரகப்பிரவேசத்தன்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். கொத்தனாரும் சித்தாளும் அந்த வீட்டுக்குள் அதற்குப் பிறகு நுழைவதே அரிது. போகப்போவது தெரிந்தும், வாங்கப்போவது யார் என்று தெரியாமலும் ஆறு மணி நேரம் தேய்ப்பது எப்படி? விருதுக்காகவும் புகைப்படத்துக்காகவும் செய்யும் வேலையில் படத்தில் தெரியாத பகுதி அரைகுறையாக நின்றுவிடும். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் வாட்டம், குளியலறைத் தரைக்கு அடியில் போகும் குழாய், மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரம் ஆகியவை யார் கண்ணிலும் படாதவை. வேலையின் தரம் அங்கேதான் இருக்கிறது.

கூலி

திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற துறவி, நின்றுபோயிருந்த அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்ததாக ஊர் சொல்கிறது. 171 அடி உயரம். அரசரில்லை, செல்வந்தரில்லை. வீடு வீடாகப் போய் நின்று கேட்டு வாங்கிக் கட்டினார். பணம் தீர்ந்த ஒரு நாளில் வேலையாட்களுக்குக் கூலியாக விபூதியைக் கொடுத்தாராம். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் அவரவர் உழைப்புக்கு ஏற்ற காசாக அது மாறியிருந்ததாம்.

விபூதி காசானதை ஊர் அதிசயமாகச் சொல்கிறது. அந்தக் கதையில் என்னை நிறுத்துவது அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி என்ற பகுதி. கோபுரம் கட்டியவரை ஊர் இத்தனை காலம் எதற்காக நினைவு வைத்திருக்கிறது என்றால், அன்றைய கூலி அன்றைக்கே, உழைத்த அளவுக்குக் குறையாமல் போய்ச் சேர்ந்தது என்பதற்காக. தெய்வத்தின் கட்டடத்துக்கும் இந்தக் கணக்கில் விலக்கு இல்லை.

சூழலைக் காக்கும் கட்டடம் என்ற பெயரில் கரியமில வாயுவைக் கிலோ கணக்கில் அளக்கிறோம். கல் சுமக்கும் பெண்ணின் தினக்கூலி எந்தப் புள்ளிப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டால் தேடித்தான் பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் வேலைத் தளத்தில் குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்றது. 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. ஐம்பதுக்குக் குறைந்தால் குழந்தைக்கு வெயில் சுடாமல் போய்விடுமா? சட்டம் ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்கு மேல் பார்க்க வேண்டியது தளத்தில் நிற்பவர். சித்திரை வைகாசியில் இந்த ஊரில் பாறையும் சேர்ந்து காயும். அந்த மாதங்களில் விடிந்ததும் தொடங்கி, உச்சி வெயிலில் நிறுத்தி, வெயில் தாழ்ந்து மறுபடி தொடங்கும் வேலை நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தாமதமாகிறதே என்று யாரும் ஆட்களை அவசரப்படுத்தாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

மலை இறங்கிய மாலை

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழை ஓயாமல் கொட்டிய நாள். ஊரின் மலையான அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கின. உள்ளே இருந்த 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. இதிலிருந்து பாடம் எடுப்பதற்கே ஓர் உரிமை வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் வீடு கட்டியவர்கள் மலையை அவமதித்தவர்கள் இல்லை. ஊருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, எளியவர்கள் சரிவை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். விடுதிகளும் அடுக்குமாடிகளும் கிரிவலப் பாதையைச் சுற்றி நிறைகின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளங்களுக்குப் போகும் வழி ஒவ்வொன்றாகக் குறுகுகிறது. ஒரு மனையில் நிற்கும் பொறியாளருக்கு அந்த மனைதான் தெரிகிறது. அதற்கு மேலே சரிவில் என்ன இருக்கிறது, கீழே தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதற்கு வரைபடத்தில் இடமில்லை.

மலையில் கட்டவே முடியாது என்றில்லை. 1916இல் பகவான் குடியேறிய ஸ்கந்தாஸ்ரமத்தைச் சரிவில் அமைத்தவர் கந்தசாமி என்ற அன்பர். புதரும் பாறையுமாக இருந்த இடத்தைப் பெரும்பாலும் தனி ஆளாகவே சமன்செய்தார். அவர் பெயரே அந்த இடத்துக்கு நின்றது. ஒரு மனிதன் தன் கையால் சரிவைத் திருத்தும்போது ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்க்கிறான், எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்கிறான். ஜேசிபி அந்த வேலையை அரை நாளில் முடிக்கும். அந்த அரை நாளில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

1980களின் இறுதியிலிருந்து இந்த மலையில் மரம் நட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையின் ஆட்கள் கன்று நடுகிறார்கள், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், தீப்பிடித்தால் ஏறிப்போய் அணைக்கிறார்கள். அந்த வேரெல்லாம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் செங்கல் எதையும் அடுக்கவில்லை, ஆனாலும் இந்த ஊரின் மிக முக்கியமான கட்டுமானத் தொழிலாளர்களில் அவர்களை நான் சேர்ப்பேன்.

இங்கே கட்டக் கூடாது என்று சொல்வதும் என் தொழிலின் பகுதி. அதற்குக் கட்டணம் கிடைக்காது. வேலை வேறொருவரிடம் போகும், அவர் கட்டியும் விடுவார். தெரிந்தேதான் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், வீடு வாங்கப்போகிற குடும்பத்துக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு

சிமென்ட் செய்ய, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் இதிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை இல்லை, சுடும்போது கல்லே வெளிவிடுவது. ஆகவே சூளையை எதைக் கொண்டு எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. சிமென்டைக் குறைவாகப் பயன்படுத்துவதே பெரிய வழி.

சுண்ணாம்பைச் சுட ஏறத்தாழ 900 டிகிரி போதும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டுதான் அது கல்லாகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் அரைத்த கலவையைக் கோயில் திருப்பணிகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சுண்ணாம்புக்குக் காலம் வேண்டும். ஊற வேண்டும், அரைபட வேண்டும், பூச்சு நிதானமாகக் காய வேண்டும். சிமென்டுக்கு எழுதிய கால அட்டவணையை வைத்துக்கொண்டு சுண்ணாம்பு வேலை கேட்டால், வெடித்த பூச்சும் மனம் வெடித்த கொத்தனாரும்தான் மிஞ்சுவார்கள். பழி சுண்ணாம்பின் மேல் விழும். காலத்தையும் ஒரு கட்டுமானப் பொருளாக எண்ணி, செங்கல்லைப் போல முன்கூட்டியே வாங்கிவைப்பது தலைமையில் இருப்பவரின் வேலை. உரிமையாளரிடம் பேசி வாங்க வேண்டிய பொருள் அது.

இயற்கையான பொருள் என்பதால் அது இதமானதாகவும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நீறும் சுண்ணாம்பு கையை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் இல்லாத இடத்தில் சுண்ணாம்பைப் பற்றி நான் பெருமையாகப் பேச மாட்டேன்.

ஐந்து மைல்

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இளைஞராக பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். நல்ல கிராமத்தின் நல்ல வீடு, அது நிற்கும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டியதாக இருக்கும் என்று காந்தி சொன்னது அவர் மனத்தில் தங்கிவிட்டது. 1945இல் இந்தியாவுக்குத் திரும்பிவந்து, 2007இல் இறக்கும்வரை இங்கேயே கட்டினார். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விடும் கட்டு முறையைப் பரப்பினார். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளே வெப்பமும் குறையும். அலுவலகத்திலிருந்து வரைபடம் அனுப்பியவர் இல்லை. தளத்தில் கொத்தனாரோடு நின்றார், மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைத்தார்.

ஐந்து மைல் விதியைப் போக்குவரத்துச் செலவு குறையும் வழியாகத்தான் முதலில் புரிந்துகொண்டிருந்தேன். இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. ஐந்து மைலுக்குள் மண் எடுத்தால், எடுத்த பள்ளமும் ஐந்து மைலுக்குள்தான் இருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். ஆற்று மணல் தூரத்து ஆற்றிலிருந்து இரவில் லாரியில் வந்து இறங்கும்போது, அந்த ஆற்றின் படுகை எப்படி இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கூசாது. பக்கத்திலிருந்து எடுப்பவர் அளவோடு எடுக்கப் பழகுகிறார். முடியாதபோது, தூரத்துப் பொருளை வாங்கும் முன் ஒருமுறையாவது அந்தக் குவாரிக்கும் சூளைக்கும் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொள்கிறேன். செங்கல் அறுப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் அந்தச் செங்கல்லின் தரத்தில் சேர்த்தி.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

பிஜு பாஸ்கர் 2011இல் திருவண்ணாமலையில் தொடங்கிய தண்ணல் என்ற குழு, மண்ணால் வீடு கட்டுவதைக் கற்றுக்கொடுத்துவருகிறது. கற்க வருபவர்கள் மண்ணைக் காலால் மிதித்துக் குழைக்கிறார்கள். ஊர்களில் மிஞ்சியிருக்கும் பழைய கட்டுமான அறிவைத் தேடிப்போய்க் கேட்டுச் சேர்ப்பது அவர்களின் வேலையில் பெரும்பங்கு. இங்கிருந்து கிழக்கே ஆரோவில்லில் 1989 முதல் எர்த் இன்ஸ்டிட்யூட் இயங்குகிறது. மண்ணில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டும் சிமென்ட் சேர்த்து, அழுத்தி, சுடாமல் கல்லாக்கும் முறையை அங்கே அளந்து, சோதித்து, உலகுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சிமென்ட் துளியும் வேண்டாம் என்பது ஒரு வழி. கொஞ்சம் சேர்த்து நிறையப் பேருக்குக் கட்டலாம் என்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் நின்று எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரண்டும் பள்ளிக்கூடங்களாக இருப்பதுதான் என்னைக் கவர்கிறது. எண்பது வயதுக் கொத்தனார் ஒருவருக்கு மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று சொல்லத் தெரியும். அவருக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். என் தளத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருக்க நான் நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுத்தால், அந்த அறிவு அவரோடு போய்விடும். "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று கேட்பதில் என் பட்டம் எதுவும் குறைந்துவிடாது.

பன்னிரண்டு ஆண்டு

217 அடி உயரத்தில் 11 நிலைகளோடு நிற்கும் பெரிய கோயிலின் ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். தொடங்கியவர் முடிந்ததைப் பார்க்கவில்லை. பெரிய வேலைகளுக்கு அது இயல்பு.

கட்டி முடித்ததோடு விட்டுவிடாத ஒரு மரபு நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி ஏறி, விரிசல் எங்கே, செடி எங்கே முளைத்திருக்கிறது, சுதை எங்கே உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துத் திருத்திக் குடமுழுக்குச் செய்வது. இந்தக் கோயிலுக்கு 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. பராமரிப்பைத் திருவிழாவாக்கியவர்கள் நம் முன்னோர். கட்டடத்தைப் பார்க்கும் கடமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குத் தானாகப் போய்ச் சேரும்படி செய்துவிட்டார்கள்.

நாங்கள் கட்டும் கட்டடங்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. மழைநீர்த் தொட்டி அமைத்துக் கொடுக்கிறோம். நாலாவது ஆண்டில் அதன் வடிகட்டியில் இலை அடைத்துக் கிடக்கிறது. சான்றிதழ் மட்டும் சுவரில் மங்காமல் தொங்குகிறது. ஒப்படைத்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், நாங்கள் போய்ப் பார்ப்பதை வேலையின் பகுதியாக ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அங்கே தெரியும் குறைகள்தான் அடுத்த கட்டடத்துக்கான உண்மையான பாடம்.

பல கண்கள்

1938இல் அண்ணாமலை சுவாமி கட்டட வேலையிலிருந்து விலகினார். ஆசிரமத்துக்குப் பக்கத்திலேயே பலாக்கொத்தில் ஒரு சிறு இருப்பிடத்தில் தியானத்தில் அமர்ந்தார். 1995இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். வேலை அவரோடு நின்றுவிடவில்லை. அவர் விலகிய அடுத்த ஆண்டே, 1939இல், பகவானின் அன்னையின் சமாதிமேல் மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1949இல் குடமுழுக்கு நடந்தது.

விலகிய பிறகும் நடப்பதுதான் வேலை என்றால், என் கண் ஒன்றை மட்டும் நம்பி ஒரு தளம் இயங்கக் கூடாது. தலைவர் பார்ப்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது தலைமையின் பலம். அதுவே பெரிய ஆபத்தும்கூட. அவர் பார்க்கத் தவறியதை எல்லோரும் சேர்ந்து தவறவிடுவார்கள். சரிவில் ஒரு பாறை அசைந்திருப்பது ஆடு மேய்ப்பவருக்கு முதலில் தெரியலாம். சாரத்தின் கயிறு இற்றுப்போயிருப்பது அதில் ஏறுபவருக்குத் தெரியும். கலவையில் உப்புத் தண்ணீர் சேர்கிறது என்பது அதைக் குடத்தில் சுமந்துவரும் சித்தாளின் நாக்குக்குத் தெரியும். அவர்கள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை இல்லை. சொன்னவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம்.

ஆகவே என் தலைமையை ஓர் ஏற்பாடாக எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் வேலை தொடங்கும் முன் எல்லோரும் ஒன்றாக நிற்கும் பத்து நிமிடம் இருக்கும். அதில் முதலில் பேசுவது சித்தாள், பிறகு கொத்தனார், பிறகு மேஸ்திரி, கடைசியில் நான். ஆபத்து என்று யார் சொன்னாலும் அந்த இடத்தில் வேலை நிற்கும், நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு. சொன்னது தவறாக இருந்தாலும் கூலி உண்டு. என் தீர்மானம் தவறு என்று ஒருவர் சொன்னால், அதற்கு நான் அன்றைக்கே, எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்வேன். நேரமும் பணமும் இதில் போகும். என் அதிகாரத்தில் ஒரு பங்கும் போகும். அதைக் கொடுக்கச் சம்மதித்துத்தான் இந்த வேலையை ஏற்கிறேன். "இது வேண்டாங்க சார்" என்று ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல முடிகிற தளத்தில் மட்டுமே, என் கட்டடம் இந்த மண்ணைக் காக்கிறது என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கும்.